மீசைக்கு ஒரு சீட்டு

பழைய பேட்டரிகளை உடைத்து உருக்கி ஈயம் எடுக்கும் அந்தத் தொழிற்சாலையில், பாதுகாப்பு அதிகாரியை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முகத்துக்கு நேரே "சார்", முதுகுக்குப் பின்னால் "மீசை". இரண்டுமே அவருக்குத் தெரியும். உள்ளுக்குள் இரண்டாவதுதான் பிடித்திருந்தது.

மீசையும் லேசுப்பட்டதில்லை. மூக்குக்கடியில் கிளம்பி, கன்னத்தில் பாதி தூரம் நடந்து, அங்கே ஒரு வளைவு வளைந்து மேல்நோக்கி நிற்கும். தினமும் காலையில் அதற்கு மெழுகு தடவி முறுக்கி முடிப்பதற்குள், அவர் மனைவி சமையலை இறக்கி, பேத்தியைக் குளிப்பாட்டி, பக்கத்து வீட்டுச் சண்டையையும் ஒரு சுற்றுக் கேட்டுவிடுவாள்.

"மெழுகு தீந்துபோச்சுன்னா சொல்லுங்க, மெழுகுவத்தி ஒண்ணு இருக்கு" என்பாள். அவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

தொழிற்சாலையில் அவர் வைத்ததுதான் சட்டம். அரசாங்கம் போட்ட விதிகள் போதாதென்று, தன் பங்குக்கும் நிறைய எழுதிச் சேர்த்திருந்தார். லாரியில் பேட்டரி படுத்துக்கொண்டு வந்தால் லாரி அப்படியே திரும்பிப் போகவேண்டும். நின்றுகொண்டுதான் வரவேண்டும், முனைகளில் டேப் சுற்றியிருக்கவேண்டும், கீழே ஆசிட் தாங்கும் தட்டு இருக்கவேண்டும். ஆசிட்டைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு வெறும் பெட்டியை அனுப்பும் கடைக்காரர்களை எடையைப் பார்த்தே கண்டுபிடித்து, வாங்கு வாங்கென்று வாங்கிவிடுவார். உள்ளே வந்தால் மாஸ்க். சாப்பிடப் போகுமுன் கை கழுவு. வீட்டுக்குப் போகுமுன் தலைக்குக் குளி.

மாஸ்க் தோலோடு ஒட்டி உட்கார வேண்டும் என்பதால் யாரும் தாடி வைக்கக் கூடாது என்பதும் அவர் விதிதான். அதற்காக ஆசையாய் வளர்த்த தாடியை வழித்துக்கொண்டு வந்தவர்கள் உண்டு. "அப்போ உங்க மீசை சார்?" என்று ஒருமுறை ஒரு லாரி டிரைவர் கேட்டுவிட்டார்.

"விதியில தாடின்னுதானே போட்டிருக்கு? மீசைன்னு போட்டிருக்கா?" என்றார் இவர். போடவில்லைதான். எழுதியவர் யார் என்று டிரைவருக்குத் தெரியாது.

சில மாதங்களுக்கு ஒருமுறை எல்லாருக்கும் ரத்தம் எடுத்து ஈயம் எவ்வளவு என்று பார்ப்பார்கள். முடிவு வந்த மறுநாள், ஷிஃப்ட் தொடங்குமுன் எல்லாரையும் நிற்கவைத்து, அதிகமாக வந்தவரை முன்னால் அழைப்பார். அந்த ஆள் எங்கே அசட்டையாய் இருந்தோம் என்று தன் வாயாலேயே சொல்லவேண்டும். சொன்னதும் எல்லாரும் கைதட்டவேண்டும். இது அவமானமில்லை, பாடம் என்பது அவர் கட்சி. போனமுறை முன்னால் வந்து நின்றது உடைப்பு இயந்திரத்தை ஓட்டும் "சுத்தியல்". இயந்திரம் வராத காலத்தில் கையாலேயே பேட்டரி உடைத்தவர், அதனால் அந்தப் பேர். "கையுறையோட வேர்வையத் தொடச்சேன் சார்" என்று தரையைப் பார்த்துச் சொன்னார். மீசை சார் அதை வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசினார். பேசும்போது கை தன்பாட்டுக்கு மீசையை முறுக்கிக்கொண்டிருந்தது.

இந்தமுறை முடிவு வந்தபோது தன் அறைக் கதவைச் சாத்திவிட்டு உறையைப் பிரித்தார். கண் நேராக ஆகப் பெரிய எண்ணுக்குத்தான் போயிற்று. நாற்பத்தேழு. போனமுறை சுத்தியலுக்கு வந்ததே முப்பத்தைந்துதான். "யாருடா இவன் தடிமாடு" என்று விரலை ஓட்டிக்கொண்டு பேருக்கு வந்தார்.

அவர் பேர்.

முதலில் அவருக்குத் தோன்றியது, தன் பேரிலேயே இன்னொருத்தன் இங்கே வேலை செய்கிறான் போலிருக்கிறது என்பதுதான். இத்தனை வருஷம் கவனிக்காமல் விட்டோமே என்றுகூட நொந்துகொண்டார். அப்புறம் சோதனைக்கூடத்துக்குப் போன் செய்தார்.

"சாம்பிள் மாறியிருக்கு. சரியா பாருங்கம்மா."

"ரெண்டு தடவை பாத்துட்டோம் சார்" என்றது அந்தப் பக்கத்துப் பெண்குரல். "ஜாஸ்தியா வந்தா கட்டாயம் ரெண்டு தடவை பாக்கணும்னு நீங்கதானே எழுதிக் கொடுத்தீங்க?"

அன்று சாயங்காலம் முழுக்க அவர் துப்பறிந்தார். குடிதண்ணீரில் இருக்குமோ? வீட்டுச் சுவரின் பழைய பெயிண்ட்டாக இருக்குமோ? மனைவி புதிதாக வாங்கிய பாத்திரத்தைக் கவிழ்த்து அடிப்பக்கம் முகர்ந்துபார்த்தார்.

"என்ன மோப்பம்? தீஞ்சுபோச்சா?" என்றாள் மனைவி.

"ஒண்ணுமில்ல" என்றார். நாற்பத்தேழைப் பற்றி மூச்சு விடவில்லை. பேத்தி மடியில் ஏறி உட்கார்ந்து வழக்கம்போல மீசையின் இரண்டு நுனிகளையும் பிடித்து ஸ்கூட்டர் ஓட்டினாள். மூன்று வயது. மருமகன் வேலைக்காக வேறு ஊரில் இருந்ததால் மகளும் பேத்தியும் இவர்களோடுதான். ஸ்கூட்டர் ஓட்டி முடித்ததும் பாப்பா வாயில் விரலைப் போட்டுக்கொண்டு தூங்கிப்போனாள். தாத்தா உட்கார்ந்து தண்ணீர்க் குழாயைச் சந்தேகித்துக்கொண்டிருந்தார்.

காலையில் கூட்டம் சேர்ந்தது. தொண்டை கட்டிக்கொண்டது என்று சைகை காட்டிவிடலாமா என்று ஒரு யோசனை. காய்ச்சல் என்று வராமலே இருந்திருக்கலாம் என்று இன்னொரு யோசனை. காலம் கடந்துவிட்டிருந்தது.

"இந்தத் தடவை..." என்று தொடங்கினார். "பொதுவா பாத்தா எல்லாரும் நல்லா இருக்கீங்க."

"ஆக ஜாஸ்தி யாரு சார்?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

"ஒருத்தருக்குக் கொஞ்சம் கூடியிருக்கு."

"முன்னால வரச் சொல்லுங்க சார்."

"முன்னாலதான்யா நிக்கறேன்" என்றார் மீசை சார்.

யார் முதலில் சிரித்தார்கள் என்று கடைசிவரை தெரியவில்லை. ஒரு முனையில் தொடங்கியது மறுமுனை போய்ச் சேர்வதற்குள் சில பேர் சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. சுத்தியல் மட்டும் சிரிக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, மிக மரியாதையாக, "எங்க சார் அசட்டையா இருந்தீங்க? சொல்லுங்க, நாங்களும் கத்துக்கறோம்" என்றார்.

"தெரியலப்பா" என்றார். உண்மையாகவே தெரியவில்லை.

"தெரியலேன்னு சொன்னா விட மாட்டீங்களே சார்."

மீசை சாருக்குக் காது சுட்டது. சுத்தியல் முதலில் கைதட்ட, மற்றவர்களும் தட்டினார்கள். விதிப்படி.

இவ்வளவு வந்தால் தொழிற்சாலை டாக்டரைப் பார்க்கவேண்டும். டாக்டரம்மா இளவயசு. பேசும்போது எதிராளியின் கையைப் பார்த்துக்கொண்டே பேசும் பழக்கம் அவருக்கு.

"சிகரெட் உண்டா?"

"கிடையாதும்மா."

"கை கழுவிட்டுத்தான் சாப்பிடறீங்களா?"

"அந்த விதியே நான் எழுதினது."

"மாஸ்க்?"

"கழட்டறதே இல்ல."

"வேலை முடிஞ்சு குளியல்?"

"தலைக்குக் குளிச்சிட்டுத்தான் கிளம்புவேன். சோப்பு போட்டு."

"அப்போ எப்படி உள்ள போச்சு?"

"அதாம்மா எனக்கும் புரியல. மத்தவங்களுக்குத்தான் புத்தி சொல்லணும், நான் ஒரு தப்பும்..."

"இப்போ என்ன பண்றீங்க?" என்றார் டாக்டரம்மா.

"ஒண்ணும் பண்ணலியே. பேசிட்டிருக்கேன்."

"கை."

அவர் கையைப் பார்த்தார். வலதுகை மீசையின் வலதுநுனியை முறுக்கிக்கொண்டிருந்தது. மெதுவாகக் கீழே இறக்கினார்.

டாக்டரம்மா அதிகம் பேசவில்லை. மீசையையும் கழுவுவீர்களா என்று கேட்டார். மெழுகு போய்விடும் என்பதால் குளிக்கும்போது ஒரு துண்டால் பொத்திக்கொள்வதாகவும், விடுமுறை நாளில் மட்டும் கழுவுவதாகவும் இவர் சொன்னார். சொல்லச் சொல்ல அவர் குரல் அவருக்கே குறைந்துகொண்டு போயிற்று. மாஸ்க்கின் ஓரம் மீசைமேல் ஏறி உட்காரும் இடத்தை டாக்டரம்மா பேனாவால் தொடாமல் காட்டினார். அந்த இடைவெளியில் காற்று உள்ளே போகும். காற்றோடு வந்த தூசி மெழுகில் ஒட்டிக்கொண்டு வாரம் பூராவும் மூக்குக்கு நேர்கீழே குடியிருக்கும். டீ குடித்தால் டீயோடு போகும். சோற்றோடு போகும். ஊருக்கெல்லாம் மாஸ்க் மாட்டிவிட்ட மகானுபாவர், தன் மூக்குக்கடியில் ஈயத்துக்குத் தனியாக ஒரு குடித்தனம் வைத்துக்கொடுத்திருக்கிறார்.

"வீட்டுல சின்னப் பிள்ளைங்க இருக்காங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

அதற்குமேல் அவருக்குத் தன்னைப் பார்த்துச் சிரித்துக்கொள்ள முடியவில்லை. ஸ்கூட்டர் ஓட்டும் இரண்டு சின்னக் கைகளும், அப்புறம் வாய்க்குப் போகும் விரலும் கண்முன்னால் வந்து நின்றன.

வெளியே வந்து மனைவிக்குப் போன் செய்தார். விஷயத்தைச் சொல்லி முடிக்கும்வரை அந்தப் பக்கம் சத்தமே இல்லை. மனைவி சத்தம் போடாமல் இருந்தால்தான் அவருக்குப் பயம்.

"நானும் உங்க பொண்ணும் பாப்பாவத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போறோம்" என்றாள் கடைசியில். "நீங்க அதோட வீட்டுப் பக்கம் வராதீங்க."

எதோடு என்று அவர் கேட்கவில்லை.

நேராக முடிவெட்டும் கடைக்குப் போனார். சின்னக் கடை, இரண்டு நாற்காலி. இத்தனை வருஷமாக இந்த மீசையின் ஓரத்தைக் கத்தரித்தே பேர் வாங்கியவர் கடைக்காரர்.

"எடுத்துடு" என்றார்.

"ஓரத்தையாண்ணே?"

"முழுசா."

கடைக்காரர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டார். "வீட்டுல ஏதாவது துக்கமாண்ணே?"

"அதெல்லாம் இல்ல. நீ முதல்ல மாஸ்க் போடு. கையுறை போடு. அப்புறம் தண்ணியத் தெளி, காஞ்ச முடி பறக்கக் கூடாது. முடி கீழ விழக் கூடாது, இந்தக் கவர்ல விழணும். கடைசியில தரையப் பெருக்காத, ஈரத்துணியால துடை."

"இது மீசையாண்ணே, வெடிகுண்டா?"

"எடுப்பா" என்றார் அவர். குரல் உடைந்திருந்தது. கடைக்காரர் மாஸ்க்கை எடுத்து மாட்டிக்கொண்டார். முடிந்ததும் கண்ணாடியில் ஒரு ஆள் தெரிந்தான். மேலுதடு மட்டும் வெளுத்து, எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தான். அவருடைய பெரியப்பா மகன் ஒருவன், கடைசிவரை எதற்கும் உருப்படாதவன், அவன் சாயல்.

ஈயத்தூசி படிந்த எதையும் குப்பையில் போடக்கூடாது. இரண்டு கவரில் போட்டுக் கட்டி, சீட்டு ஒட்டி, தொழிற்சாலைக்கே கொண்டுவந்து சேர்க்கவேண்டும். இதுவும் அவர் எழுதியதுதான். கட்டினார், ஒட்டினார், ஸ்கூட்டரில் மாட்டிக்கொண்டு தொழிற்சாலை வாசலுக்கு வந்தார்.

வாட்ச்மேன் கையை நீட்டி மறித்தார். "யாரு வேணும்?"

"யோவ், நான்தான்யா."

வாட்ச்மேன் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். மறுபடி அட்டையைப் பார்த்தார். "போட்டோவுல வேற ஆளு இருக்காரே."

"அந்த ஆளு இந்தக் கவர்ல இருக்கான்" என்றார் மீசை சார்.

குரலை வைத்து அடையாளம் தெரிந்தது. ஆனாலும் வாட்ச்மேன் வழிவிடவில்லை. "கழிவு உள்ள வரணும்னா போக்குவரத்துச் சீட்டு வேணும் சார். சீட்டு இல்லாம என் அப்பனே வந்தாலும் விடாதேன்னு நீங்கதான் சொன்னீங்க."

சொல்லியிருந்தார். அதே வாசலில், அதே வாட்ச்மேனின் தோளைத் தட்டிச் சொல்லியிருந்தார். சுவரோரம் உட்கார்ந்து சீட்டை நிரப்பினார். கழிவின் வகை: மீசை. அளவு: ஒரு பிடி. வாகனம்: ஸ்கூட்டர். அனுப்புபவர், எடுத்து வருபவர், பெற்றுக்கொள்பவர் என்ற மூன்று இடத்திலும் தானே கையெழுத்துப் போட்டார். வாட்ச்மேன் அதை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"நிக்க வச்சுக் கொண்டுவந்தீங்களா சார், சாச்சு வச்சா?"

வேறொரு நாளாக இருந்தால் அவரும் சிரித்திருப்பார். குழந்தையின் ரத்தம் எங்கோ ஒரு குழாயில் அடைபட்டிருக்கிறது, இவர் இங்கே மீசைக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருக்கிறார். கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது, அவ்வளவுதான். கவரை உரிய தொட்டியில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் குளிக்கப் போனார். அன்றைக்கு முகம் எரியும்வரை சோப்புப் போட்டார்.

வீட்டில் மகள் கதவைத் திறந்தாள். அப்பாவின் மொட்டை உதட்டைப் பார்த்து ஒரு கணம் திகைத்தவள், உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த வாரம் முழுக்க அவரிடம் பேசவில்லை. ஏதாவது சொல்லவேண்டுமென்றால் அம்மாவைப் பார்த்துச் சொன்னாள்: "ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கறவரு சாப்பிட வரலாம்னு சொல்லும்மா."

மனைவி வீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். விளக்குமாறு எடுக்கப்போனவளை, "பெருக்கக் கூடாது, தூசி பறக்கும், ஈரத்துணியாலதான்..." என்று இவர் தடுத்தார். மனைவி துணியை நனைத்துப் பிழிந்து அவர் கையில் கொடுத்தாள். "விதி தெரிஞ்சவங்க துடைக்கட்டும்." துடைத்தார். சோபா, ஜன்னல், கட்டில் கால், பொம்மைகள். ரப்பர் யானையின் காதுமடிப்பைக்கூட விடவில்லை.

பாப்பா தூரத்தில் நின்றே பார்த்தாள். "இந்த மாமா ஏன் நம்ம வீட்டைத் துடைக்கறாரு?" என்று பாட்டியிடம் கேட்டாள்.

"கேளு. நல்லா கேளு" என்றாள் பாட்டி.

குழந்தையின் முடிவு வந்தபோது எல்லாருமே அதை எடுத்துக்கொண்டு தொழிற்சாலை டாக்டரம்மாவிடம் போயிருந்தார்கள். டாக்டரம்மா மகளைப் பார்த்துத்தான் பேசினார். கூடியிருக்கிறது, ஆனால் மருந்து தேவைப்படும் அளவுக்கு இல்லை. வருகிற வழியை அடைத்துவிட்டதால் இனிக் குறையவேண்டும். கை கழுவ வையுங்கள், வேளைக்குச் சாப்பாடு கொடுங்கள், சில மாதம் கழித்து மறுபடி பார்ப்போம். மகள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். வெளியே வந்து குழந்தையின் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். இவர் பக்கத்தில் நின்றார். தோளைத் தொடலாமா என்று நினைத்தார். தொடவில்லை.

அவர் எழுதிய விதிப்படியே, ரத்தத்தில் ஈயம் குறையும்வரை அவர் உலைப்பக்கம் வரக்கூடாது. வெளியே பேட்டரிக் கடைகளைச் சுற்றிவந்து, பழைய பேட்டரியை எப்படி வைப்பது என்று சொல்லிக்கொடுக்கும் வேலை கொடுத்தார்கள். முன்பெல்லாம் மீசை தெருமுனையில் தெரிந்தாலே கடைக்காரர்கள் சாய்ந்த பேட்டரியை நிமிர்த்துவார்கள். இப்போது வாசல்வரை போய் நின்றாலும், "எந்த வண்டிக்குண்ணே பேட்டரி?" என்றுதான் கேட்டார்கள். அதட்டல் எடுபடவில்லை. உட்கார்ந்து பேசவேண்டியிருந்தது. பேசினால் சில பேர் கேட்கவும் செய்தார்கள். ஆசிட்டைச் சாக்கடையில் ஊற்றிக்கொண்டிருந்த ஒரு கடைக்காரர், ஏன் ஊற்றுகிறார் என்பது அன்றைக்குத்தான் இவருக்குத் தெரிந்தது. கடைப் பையனுக்குத் தூக்கப் பாரமாக இருக்கிறதாம். இவ்வளவுதானா என்று ஒரு தள்ளுவண்டிக்கு ஏற்பாடு செய்தார்.

அப்படி ஒருநாள் திரும்பி வரும்போது வாசலில் சுத்தியல் காத்துக்கொண்டிருந்தார். கிண்டலுக்குத் தயாராகத்தான் இவர் ஸ்கூட்டரை நிறுத்தினார்.

"சார், பேத்திக்கு எப்படி இருக்கு?"

"பரவாயில்லப்பா. குறைஞ்சிடும்னு சொல்றாங்க."

சுத்தியல் நகரவில்லை. காலால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார். "எங்க வீட்டுலயும் ஒரு பொடியன் இருக்கான் சார். ரெண்டு வயசு. அவனுக்கும் ரத்தம் பாத்துக்கலாமா? கேக்கணும்னு ரொம்ப நாளா நினைச்சதுதான். கேட்டா முன்னால நிக்க வச்சுடுவீங்களோன்னு..."

மீசை சாரின் கை பழக்கதோஷத்தில் உதட்டுக்கு ஏறி, அங்கே ஒன்றும் இல்லாமல் இறங்கியது.

"நாளைக்கே கூட்டிட்டு வாங்க" என்றார்.

மேனேஜர் ஒத்துக்கொள்ளவில்லை. "தொழிலாளிக்குப் பாக்கணும்னுதான் விதி. குடும்பத்துக்குப் பாக்கணும்னு எங்க இருக்கு? காட்டுங்க."

"எங்கயும் இல்ல சார்."

"விதியில இல்லாததை நீங்களா கேக்கறீங்க?"

"நான்தான் கேக்கறேன்."

மேனேஜர் அவரை உற்றுப் பார்த்தார். மீசை இல்லாத முகத்தில் எங்கே பார்ப்பது என்று அவருக்கும் தெரியவில்லை போலிருக்கிறது. "சரி, இந்த ஒரு தடவை" என்றார்.

அந்த ஒரு தடவைக்கு முப்பது குழந்தைகளுக்குமேல் வந்துவிட்டார்கள். இத்தனை பேர் வீட்டில் இத்தனை பிள்ளைகள் இருப்பதே இவருக்கு அன்றுதான் தெரியும். ஊசியைப் பார்த்ததும் ஒன்று அழ, அதைப் பார்த்து மற்றவை அழ, டாக்டரம்மாவின் அறை சந்தைக்கடை ஆயிற்று. அழுகிற பிள்ளைகளை வராந்தாவில் தூக்கிக்கொண்டு நடப்பது மீசை சாரின் வேலை. ஒரு பிள்ளை அவர் சட்டையெல்லாம் நனைத்துவிட்டது.

சுத்தியலின் பையனுக்கு அதிகம் இருந்தது. பாப்பாவைவிட அதிகம். இவர் அவர்கள் வீட்டுக்கே போனார். ஒரே அறை, ஒரு ஓரத்தில் தண்ணீர் வாளி. வாளிக்குள் சுத்தியலின் வேலை உடுப்பு ஊறிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் உட்கார்ந்து பையன் தண்ணீரை அளைந்துகொண்டிருந்தான். துவைத்த உடுப்போடுதான் வேலைக்கு வரவேண்டும் என்று இவர் எழுதியிருந்தார். எங்கே துவைப்பது என்று எழுதவில்லை. அது யோசிக்கவேண்டிய விஷயமாகவே அவருக்குத் தோன்றியதில்லை.

சுத்தியலின் மனைவி பதறிப்போய், "நான் நல்லா அலசித்தான் சார் காயப்போடறேன்" என்றாள்.

"உங்க மேல தப்பில்லம்மா" என்றார். சொல்லிவிட்டு அங்கேயே குந்தி உட்கார்ந்து, பையனின் கையைத் தண்ணீரிலிருந்து எடுத்துச் சோப்புப் போட்டுக் கழுவினார். பையன் இன்னும் நுரை வேண்டும் என்று கேட்டான்.

மேனேஜரிடம் இந்தமுறை அவர் கெஞ்சவில்லை, சண்டை போட்டார். ஒரு மாதம் இழுத்தது. தொழிற்சாலைக்குள்ளேயே பெரிய சலவை இயந்திரம் ஒன்று வந்து இறங்கியது. வேலை உடுப்பு இனி வாசலைத் தாண்டாது. இயந்திரத்தை முதலில் ஓட்டிக்காட்டும் கௌரவத்தை மேனேஜர் பாதுகாப்பு அதிகாரிக்குக் கொடுத்தார். அவர் எந்தப் பொத்தான் என்று தெரியாமல் எல்லாப் பொத்தானையும் அமுக்கினார். கடைசியில் சுத்தியல் வந்து கதவைச் சரியாகச் சாத்தினார்.

"வீட்டுல ஒரு நாளாவது துணி துவைச்சிருக்கீங்களா சார்?"

"இல்லப்பா" என்றார் அவர். "அதுவும் தெரியல."

இயந்திரம் ஒரு உலுக்கு உலுக்கிவிட்டுச் சுற்றத் தொடங்கியது. இருவரும் கண்ணாடி வழியாகச் சாம்பல்நிறத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.